யானைக்குக் கட்டிய மாடம்

ஹம்பியில் விஜயநகர வேந்தர்கள் வாழ்ந்த அரண்மனைகளில் இன்று பெரும்பாலும் கருங்கல் அடித்தளங்களே எஞ்சியிருக்க, அவர்களுடைய யானைகள் நின்ற கொட்டாரமோ கூரையோடும் வளைவுகளோடும் ஏறக்குறைய முழுமையாக நிற்கிறது. அடித்தளத்துக்கு மேல் அரண்மனைகளை மரத்தால் எழுப்பியதால், 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரம் சூறையாடப்பட்டபோது அவை தீக்கு இரையாயின. கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு மரமே இல்லாமல் மூடிய கொட்டாரத்தில் தீ பற்றுவதற்கு ஏதுமில்லை. மன்னனைவிட யானைக்கே உறுதியான வீடு வாய்த்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

ஒரே வரிசையில் 11 கூடங்கள், ஒவ்வொன்றுக்கும் யானையின் முதுகும் அம்பாரியும் இடிக்காத உயரத்தில் ஒரு வில்வளைவு வாசல், முன்னே திறந்த மைதானம் என அமைப்பு மிக எளியது. கூடங்கள் ஒன்றுபோலவே இருந்தும் நீண்ட முகப்பு சலிப்பூட்டாததற்குக் காரணம் கூரைதான். வழுவழுப்பான அரைக்கோளம், வரிப்பள்ளங்கள் ஓடும் மாடம், பட்டை பட்டையாக மடிந்து ஏறும் மாடம் என வடிவங்கள் மாறி மாறி வர, நடுக்கூடத்தின் மேல் மட்டும் சிதைந்த மாடி உயர்ந்து நிற்க, அதற்கு இடப்புறம் வருகிற ஒவ்வொரு வடிவத்துக்கும் வலப்புறம் ஓர் இணை இருக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் நடை மாறினாலும் தாளம் தப்பாத மிருதங்கக்காரரின் கணக்கு இது. அந்த மாடியில் ஊர்வலக் காலங்களில் முரசும் எக்காளமும் முழங்கின என்பர். அது ஊகமே என்றாலும் பொருத்தமான ஊகம். மேற்கு நோக்கிய முகப்பாதலால், மாலை வெயிலில் பார்ப்பதே நன்று.

முகப்பைப் படம் பிடித்ததோடு திரும்பிவிடுவோர் இழப்பது உள்ளே இருக்கிறது. சதுரச் சுவர்களின் மேல் வட்டக் கூரை உட்கார வேண்டுமானால் நான்கு மூலைகளையும் ஏதேனும் ஒன்று தாங்கியாக வேண்டும்; இங்கே மூலைக்கொரு சிறு வளைவு குறுக்கே பாய்ந்து சதுரத்தை எண்கோணமாக்க, எண்கோணம் மெல்ல வட்டமாகிறது. சுல்தானியர் கட்டடங்களில் பழகிய இந்த உத்தியை விஜயநகரம் கூச்சமின்றி எடுத்துக்கொண்டது. கூரையில் கயிறு மாட்டும் உலோகக் கொக்கி, பின்சுவரில் பாகன் குனிந்து நுழையும் சிறு வழி ஆகியவை அழகுக்காக வைத்தவை அல்ல; ஆயினும் யானையின் உடலும் பாகனின் உடலும் இக்கட்டடத்துக்கு அளவுகோல்களாக இருந்ததை அவைதான் காட்டுகின்றன.

விஜயநகரத்தின் ஆளுநர்களாக மதுரைக்கு வந்து பின்னர் தனியரசு நடத்திய நாயக்கர்கள் இந்த வளைவையும் சுதை வேலையையும் தொடர்ந்தார்கள். 1636-இல் திருமலை நாயக்கர் எழுப்பிய மகாலில் அவை பன்மடங்கு பெருத்து, சற்றே ஆடம்பரமாகவும் ஆகிவிட்டன. அவர் பேரன் சொக்கநாத நாயக்கர் அரண்மனையைப் பிரித்துத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுபோனதில் மிஞ்சியவை சொர்க்கவிலாசமும் நாடகசாலையும் ஒருசில பகுதிகளுமே. அரசவையை உள்ளூரிலேயே பார்த்துவிடும் மதுரைக்காரர், அத்தகைய அரண்மனையின் யானைப்பந்தி எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்பினால், துங்கபத்திரைக் கரைக்குத்தான் போக வேண்டும்.