டால்சிம் என்னும் யோகி

ஒரு கதை ஒரு கலைவடிவத்தினின்றும் மற்றொன்றுக்கு மாறுங்கால், மாறாது நிற்கவேண்டியது யாது என்னும் வினா திறனாய்வாளர்க்குப் புதியதன்று. இராமகாதையும் பாரதமும் கூத்துக் களரி ஏறியபோதே இவ்வினா எழுந்துவிட்டது. இன்று நம் மாணவர் விரும்பும் யப்பானியச் சண்டை விளையாட்டுகளையும், அவற்றினின்றும் தோன்றிய அனிமே முதலிய படங்களையும் இதே வினாவுக்கு உட்படுத்துதல் தகும். அவற்றுள் சைவர்க்கு அணுக்கமான பாத்திரம் ஒன்றை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வாம்.

கப்கொம் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் பைற்றர் 2’ என்னும் விளையாட்டில் டால்சிம் எனும் இந்திய யோகி ஒருவன் வருகின்றான். கைகால்களை நெடுந்தூரம் நீட்டி அடிப்பான். வாயினின்றும் தீ உமிழ்வான். கழுத்தில் மண்டையோடுகளை அணிந்திருப்பான். இக்கோலம் நம் சமயத்தை இழிவுசெய்வதெனச் சினப்பாரும் உளராகலாம். அக்கருத்து ஆராய்ச்சிக்கு நில்லாது. மண்டையோட்டு மாலை காபாலிகர் மரபில் உள்ளதே. அன்றியும், டால்சிம் அணிந்தவை அவனூரில் நோயால் மாண்ட சிறாருடையவை என்பது கதை. ஆகவே அவை துயரின் சின்னம். நீளும் கையும் அடிப்படையற்றதன்று. பிராத்தி என்னும் சித்தி கைவந்தவன் விரல் நுனியால் மதியையும் தீண்டுவான் என்பது யோகசூத்திரத்துக்கு வியாசர் வகுத்த உரை.

குறை வேறிடத்தில் உளது. யோகத்தின் எட்டு உறுப்புகளுள் முதலாவது இயமம்; அதனுள்ளும் முதற்கண் வைக்கப்படுவது கொல்லாமை. சித்திகளையோ பதஞ்சலி முனிவர் சமாதிக்கு இடையூறு என்றார். டால்சிமும் கதையளவில் போரை வெறுப்பவனே. வறிய ஊரார்க்குப் பொருளீட்டவே களம் புகுகின்றான். ஆயின் விளையாட்டின் விதி அதனை அறியாது. எதிரியை அடித்தாலன்றி வெற்றியில்லை. நீளும் கையை இயக்கப் பொத்தான் உண்டு. இரக்கத்தை இயக்கப் பொத்தான் இல்லை. இடையூறு எனப்பட்டதே ஈண்டு பயனாகிவிட்டது.

இவ்விளையாட்டினின்றும் 1994ஆம் ஆண்டில் இரு படங்கள் வெளிவந்தன. ஒன்று, கிசபுரோ சுகீ இயக்கிய அனிமே. அதில் டால்சிம் கல்கத்தாவிலே ஹொண்டா என்னும் சுமோ மல்லனோடு பொருதுகின்றான். ஓவியம் செவ்விது, அசைவு விரைவானது. எனினும் காண்போர் மனத்தில் நிற்பது அவன் ஆற்றலேயன்றி அவன் உள்ளம் அன்று. மற்றொன்று ஸ்டீவன் டி சூசா இயக்கிய ஹொலிவூட் படம். ‘காந்தி’ படத்தில் (1982) நேருவாக நடித்த ரொஷான் சேத் இதில் டால்சிம். இங்கே கை நீளாது, தீ எழாது, அவன் யோகியுமல்லன், ஒரு விஞ்ஞானி. சிறைப்பட்ட ஒருவனைக் கொலைக்கருவியாக்குமாறு கொடுங்கோலன் அவனைப் பணிக்கின்றான். அவனோ, அம்மனிதனிடத்து மனிதத்தன்மை அழியாதிருக்குமாறு மறைவாகச் செயற்படுகின்றான். ஈற்றில், இடியும் கோட்டையினின்றும் தப்பாது அவனோடு தங்கிவிடுகின்றான்.

விளையாட்டை அறிந்தோர் இரண்டாவதைச் சிதைவென்பர். வடிவத்தை நோக்கின் அது மெய்யே. ஆயினும் உருவைக் காத்த படத்தினும், உருவை இழந்த படமே அகிம்சைக்கு அண்மையில் நிற்கின்றது. அதனை முழுவெற்றி என்றலும் பொருந்தாது. யோகம் நீக்கப்பட்டமையால், அவ்வருள் யோகத்தின் விளைவென்பதைக் காண்போர் உணர வழியில்லை. ஒன்றில் உடம்பும் மற்றொன்றில் உயிருமாகப் பிரிந்த டால்சிம், இரண்டிலும் முழுமை பெற்றிலன்.

இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. நம் மாணவருட் சிலர் யோகம் என்னும் சொல்லை முதன்முதல் இத்தகைய விளையாட்டிலேயே சந்திக்கின்றனர். நல்லூர்த் தேரடியிலிருந்த செல்லப்பா சுவாமிகளும், அவர்தம் மாணவர் கொழும்புத்துறை யோகசுவாமிகளும் (1872–1964) வாழ்ந்த மண் இது. அவர்களை நாடிச் சென்றோர் வேண்டியது அடியன்று, அமைதி. விளையாட்டைத் தடுத்தலால் இவ்வேறுபாடு விளங்காது. டால்சிம் எதனால் வெல்கின்றான், எதனால் யோகியாகின்றான் என இரு வினாக்களையும் மாணவர்முன் வைத்தலே ஆசிரியர் கடன். அவற்றின் விடைகள் வேறுவேறெனக் கண்ட மாணவன் ஆடிக்கொண்டே திறனாயவும் வல்லனாவான்.