வெட்டுப்பட்ட மூலை: காஞ்சிபுரத்துத் தறி வீட்டுக்கு ஃபெங் சுயி பார்த்தால்

ஃபெங் சுயி பற்றித் தமிழில் வரும் புத்தகங்களிலும் யூடியூப் பேச்சுகளிலும் ஒரே வீடுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நாலு பக்கமும் நேரான வீடு. தனித்தனி அறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. ஒன்பது கட்டம் போட்டால் ஒன்பதும் கச்சிதமாக நிரம்பிவிடும். ஆனால் வீடு கோணல்மாணலாக இருந்து, உள்ளே தடுப்புச் சுவரும் இல்லாமல் ஒரே கூடமாக இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு அந்தப் புத்தகங்கள் கடைசி அத்தியாயத்தில் இரண்டு பக்கம் ஒதுக்கும். இல்லாத மூலையில் கண்ணாடி மாட்டு, வாசலில் மணி தொங்கவிடு, முடிந்தது.

காஞ்சிபுரத்தில் இந்தக் கடைசி அத்தியாயம்தான் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும். ஓபன் பிளான் என்று இப்போது பில்டர்கள் பெருமையாகச் சொல்வதை இங்கே நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக வேறு வழியில்லாமல் வாழ்ந்து வருகிறார்கள். தறி இருக்கிற கூடத்தில்தான் சாப்பாடு, படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். அதோடு பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி பிரியும்போது சுவர் எங்கே வருகிறதோ அதுதான் வீட்டின் வடிவம். சாஸ்திரம் பார்த்து யாரும் பாகம் பிரிப்பதில்லை.

பிள்ளையார்பாளையம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். கணக்குக்கு வசதியாக அளவுகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். கிழக்குப் பார்த்த வாசல். தெருப்பக்கம் 14 அடி அகலம், உள்ளே 48 அடி ஆழம். பின்னால் 16 அடி நீளத்துக்குத் தெற்குப் பாதி, அதாவது 7 அடி, தம்பி பாகத்துக்குப் போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் 'ட' போட்ட மாதிரி. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஜன்னல் வைக்க முடியாது. பழைய முற்றத்தை மூடிக் கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்குக் கீழே குழித்தறி. இந்த வீட்டுக்கு ஒரு ஆலோசகர் வந்து வாஸ்துவும் ஃபெங் சுயியும் கலந்து ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். அறிக்கையின் சாரம்: தென்மேற்கு வெட்டுப்பட்டிருக்கிறது, வீட்டின் நடுவில் பள்ளம் இருக்கிறது, தறியைப் பின்பக்கம் மாற்றவும்.

முதலில் அந்த வெட்டுப்பட்ட மூலை. 48க்கு 14 என்று ஒரு செவ்வகம் வரைந்து, அதை மூன்றுக்கு மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டமும் 16 அடி நீளம், நாலே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். தம்பி பாகம் தென்மேற்குக் கட்டத்தை முழுசாகவும், அதை ஒட்டிய மேற்குக் கட்டத்தில் பாதியையும் விழுங்கிவிடுகிறது. இதனால் இந்தக் குடும்பம் இழப்பது என்ன?

திசைகாட்டி வைத்துப் பார்க்கும் ஃபெங் சுயியில் தென்மேற்கு கணவன் மனைவி உறவு, மேற்கு பிள்ளைகள். லின் யுன் என்பவர் 1980களில் அமெரிக்காவில் பரப்பிய முறையில் திசைகாட்டியே கிடையாது. வாசல் சுவரை அடிக்கோடாக வைத்துக் கட்டம் போடுவார்கள். உள்ளே நுழைந்து நிற்கும்போது இடது கைப்பக்கம் கடைசி மூலை செல்வம், நடுக் கடைசி புகழ். கிழக்கு வாசல் வீட்டில் அந்த இடது கடைசி மூலை இதே தென்மேற்குதான். நம்ம ஊர் வாஸ்துவில் அது நிருதி மூலை, பேச்சு வழக்கில் கன்னி மூலை, குடும்பத் தலைவருக்கானது. ஆக ஒரே ஏழடிப் பிசிறுக்கு ஒரு முறையில் கல்யாண வாழ்க்கை போகும், இன்னொன்றில் பணம் போகும், மூன்றாவதில் வீட்டுக்காரரே ஆட்டம் காண்பார். அறிக்கையில் மூன்றும் எழுதியிருந்தது! மூன்று முறையும் ஒரே உண்மையைச் சொல்வதாக அதைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது மூன்று வைத்தியர் மூன்று வியாதி சொன்ன கதையாகத்தான் படுகிறது.

இதில் அடிப்படையான ஒரு கோளாறு இருக்கிறது. அந்த மூலை எப்போது "இல்லாமல்" போனது? ஆலோசகர் வீட்டைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்த பிறகுதான். வீட்டை ஒரு நீண்ட ஓடாகவும், அதன் முன்பாதியில் தெற்கே ஒட்டிய ஒரு சேர்க்கையாகவும் பார்த்தால் குறை எதுவும் இல்லை, கூடுதல்தான் இருக்கிறது. ஃபெங் சுயிக்காரர்களே இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: பிதுங்கல் பாதி நீளத்துக்குக் குறைவென்றால் கூடுதல், அதிகமென்றால் மற்றது குறை. சரி, பாதிக்கு மேல் ஓர் அங்குலம் இருந்தால் கூடுதல் குறையாகிவிடுமா?

பழைய நூல்கள் இப்படிப் பேசவில்லை என்பதுதான் எனக்கு ஆர்வமாக இருந்தது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் இருசாலை வீடுகளுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. இரண்டு கட்டடங்கள் மூலையில் சேரும் வீடு, நம்ம 'ட' வீடுதான், அதில் ஒரு குறையாக இல்லை, ஒரு வகையாகவே வருகிறது. மேற்கிலும் தெற்கிலும் கட்டடம் இருந்தால் அதற்குச் சித்தார்த்தம் என்று பெயர், பொருள் சேரும் என்று பலன். கவனியுங்கள், அந்த வீட்டில் கட்டடம் இல்லாத மூலை வடகிழக்கு. இன்றைக்கு எந்த ஆலோசகரைக் கேட்டாலும் ஈசான்யம் வெட்டுப்படுவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பார். "மனையில்தான் குறையக்கூடாது, கட்டடத்தில் காலியாக விடலாம்" என்று பதில் வரும். நியாயமான பதில். ஆனால் மனையும் கட்டடமும் ஒன்றாகிவிட்ட தெருவீட்டுக்கும், மனையே இல்லாத அடுக்குமாடி வீட்டுக்கும் அந்த வேறுபாட்டை எப்படிப் பொருத்துவது? அங்கேதான் விதி வாயை மூடிக்கொள்கிறது. ஆலோசகர்தான் பேசுகிறார்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வடக்கிலும் கிழக்கிலும் கட்டடம் உள்ள வகையை வராகமிகிரர் தண்டம் என்கிறார், பலன் நல்லதில்லை. இந்த வீட்டை இழுத்துப் பிடித்தால் அதில் சேர்க்கலாம். ஆனால் ஏன் ஒன்று நல்லது, மற்றது கெட்டது? என் வாசிப்பு இது. மேற்கிலும் தெற்கிலும் கட்டடம் நின்றால் சாயங்கால வெயில் மறையும், முற்றம் காலை வெளிச்சத்துக்குத் திறந்திருக்கும். தண்டத்தில் இது தலைகீழ், முற்றம் மேற்கு வெயிலை வாங்கும். நம்ம தறி வீட்டில் தென்மேற்கில் இருப்பது திறந்த வெளி இல்லை, தம்பியின் சுவரும் கூரையும். மேல்வெயில் அங்கே ஏற்கனவே மறைந்துவிட்டது.

அடுத்து நடுவில் பள்ளம். ஆலோசகர் 24 அடியும் 7 அடியும் சந்திக்கும் இடத்தில் பெருக்கல் குறி போட்டார், அது தறிக்குழியின் விளிம்பில் விழுந்தது. பிரம்மஸ்தானத்தில் குழி! வீடே பயந்துவிட்டது. ஆனால் அது செவ்வகத்தின் நடு, வீட்டின் நடு இல்லை. வெட்டுப்பட்ட வடிவத்துக்கு நடுப்புள்ளி கண்டுபிடிப்பது பள்ளிக்கூடக் கணக்கு. 672 சதுர அடியில் 112 போக மீதி 560. அதன் மையம் வாசலிலிருந்து 20.8 அடியில் வருகிறது. மூன்றடிக்கு மேல் முன்னால் நகர்ந்துவிடுகிறது, குழி தப்பித்தது. சாஸ்திரத்தில் பிரம்மாவுக்குப் புள்ளி இல்லை, 81 கட்டத்தில் நடு ஒன்பது கட்டம் அவருக்கு என்று நீங்கள் சொல்லலாம், அதுவும் சரி. அப்படியென்றால் 14 அடி அகல வீட்டில் நடுவை ஒன்றும் வைக்காமல் விடுவது யாராலும் ஆகாது.

இத்தனையும் அவர்கள் விதியை வைத்தே அவர்களிடம் கேட்டது. எனக்கு உண்மையில் வருத்தம் வேறு. ஃபெங் சுயி என்றால் காற்று, நீர். நான்காம் நூற்றாண்டு குவோ பு பெயரில் வழங்கும் சாங் ஷூ கல்லறைக்கு இடம் பார்க்கும் நூல். உயிர்மூச்சு காற்றில் கலையும், நீரில் தங்கும் என்பது அதன் மையக் கருத்து. மலை எங்கே, ஓடை எங்கே, குளிர்காற்று எந்தப் பக்கம் என்று நிலத்தைப் பார்த்துச் சொன்ன மரபு அது. பெய்ஜிங் முற்ற வீடுகள் தெற்கே பார்த்திருப்பதற்குக் காரணம் தெளிவு: வடக்கிலிருந்து உறையவைக்கும் காற்று, தெற்கே தாழ்வாக வரும் குளிர்காலச் சூரியன். காஞ்சிபுரம் கிட்டத்தட்ட 13 பாகை அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரை நண்பகல் சூரியன் இங்கே உச்சிக்கு வடக்கே நிற்கும். சீனத்துத் தெற்கை இங்கே இறக்குமதி செய்தால் என்ன கிடைக்கும்? திசையின் பெயர் மட்டும்தான் கிடைக்கும்.

காற்றுக்கு நம்மிடமே சொல் இருக்கிறது. தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. மேல்காற்று அடிக்கும் வறண்ட நாளில் பட்டு இழை அறுந்து போவது நெசவாளருக்குத் தெரியும். மழை மாதங்களில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நிற்பதும் தெரியும். காற்றும் நீரும் இதைவிட வேறு என்ன? அறிக்கையில் இதில் ஒரு வரிகூட இல்லை. வாசலில் தொங்கவிட வேண்டிய மணியின் குழாய் எத்தனை என்பது மட்டும் இருந்தது.

திசைக்குத் தனியாக நல்லது கெட்டது உண்டு என்று நம்புகிறவர்கள் ஊரைச் சுற்றி ஒரு நடை போகலாம். வரதராஜப் பெருமாளும் வைகுந்தப் பெருமாளும் மேற்கே பார்த்திருக்கிறார்கள். ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம், 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது, தெற்கில். எமன் திசை என்று வீட்டில் வாசல் வைக்கத் தயங்கும் அதே தெற்கு. கைலாசநாதர் கோயிலில் வாசலை மறித்தாற்போலவே ஒரு சிறு கோயில் நிற்கிறது. கோயில் விதி வேறு, வீட்டு விதி வேறு என்பீர்கள். ஆமாம், அதைத்தான் நானும் சொல்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது. அப்போது தறி ஓடும் வீட்டுக்கு என்ன விதி?

அந்த விதி அந்தக் கூடத்திலேயே எழுதியிருக்கிறது. இழை எண்ண வெளிச்சம் வேண்டும், அதனால் தறி கண்ணாடி ஓட்டுக்குக் கீழே. ஜக்கார்டு பெட்டிக்கு உயரம் வேண்டும், அந்த உயரம் பழைய முற்றத்தில்தான். கோர்வைக் கரை போட்டால் ஓரத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா வாங்கிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் இடம். விடிகாலையில் பாவை நீளமாக இழுத்துக் கட்டத் தெரு வேண்டும். அதனால் இந்த வீட்டின் கூடம் தெருவரைக்கும் நீளுகிறது, வரைபடம் வாசற்படியோடு நின்றுவிட்டாலும். முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு எதிரே வாசல் என்று ஃபெங் சுயி சொல்வது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. அது எந்த ஊர் மனுஷனுக்கும் பொருந்தும்.

தறியைப் பின்னால் மாற்றுவதென்றால் ஏறியிருக்கும் பாவை முடிக்கணும், அல்லது பாதியில் இறக்கணும். புதுசாகக் குழி வெட்டணும். சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற குடும்பத்துக்கு அத்தனை நாளும் வருமானம் இல்லை. மாற்றிய பிறகு கிடைப்பது பட்டப்பகலிலேயே விளக்குப் போட வேண்டிய ஏழடி இருட்டுச் சந்து.

கண்ணாடி மாட்டச் சொன்ன சுவர் தம்பி வீட்டோடு பொதுச்சுவர். அங்கே மேலாக இரண்டடிக்கு ஒரு வென்டிலேட்டர் திறந்தால் பின்பக்கத்துப் புழுக்கம் பாதி குறையும் என்று கொத்தனார் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்குத் தம்பி சம்மதிக்க வேண்டும். இரண்டு வருஷமாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.