தொடக்கநிலை எண்ணிம அலைவுகாட்டிகள்: ஒரு மதிப்பாய்வு

எண்ணிம அலைவுகாட்டி என்பது மாறிக்கொண்டே இருக்கும் மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளிகளில் அளந்து, அந்த அளவுகளை எண்களாக நினைவகத்தில் சேர்த்து, திரையில் வரைபடமாகக் காட்டும் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது டிஜிட்டல் ஆசிலோஸ்கோப் அல்லது சுருக்கமாக ஸ்கோப் எனப்படுகிறது. மல்டிமீட்டர் ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டுமே தரும். அந்த எண் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதிக்குள் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அலைவுகாட்டி காட்டும். மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் மல்டிமீட்டருக்கும் சால்டரிங் அயர்னுக்கும் அடுத்தபடியாக வாங்க நினைப்பது பெரும்பாலும் இக்கருவியையே.

விலை குறைந்த அலைவுகாட்டிகளின் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது மெகாஹெர்ட்ஸ் எண். வாங்குவோரும் அந்த எண்ணை விலையால் வகுத்துப் பார்த்து முடிவெடுக்கின்றனர். இந்தக் கணக்கு பல நேரங்களில் தவறான கருவியில் கொண்டுபோய் விடுகிறது. ஒன்றைக் காட்டாமல் விடும் கருவியால் பெரிய கேடில்லை. அதன் குறை உடனே தெரிந்துவிடும். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டும் கருவியே பயில்பவரை நாள்கணக்கில் அலையவைக்கும். எனவே மலிவு விலைக் கருவியை மதிப்பிடும்போது கேட்கவேண்டிய முதல் கேள்வி, அது காட்டும் படத்தை எந்த எல்லை வரை நம்பலாம் என்பதே.

பின்னணி

1897இல் செருமானிய இயற்பியலாளர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் எதிர்மின்கதிர்க் குழாயைக் கொண்டு அலைகளைக் காட்டும் முறையை உருவாக்கினார். 1947இல் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 511, அலையின் குறிப்பிட்ட ஒரு நிலையில் வரைதலைத் தொடங்கும் ட்ரிகர் முறையைப் பரவலாக்கியது. ஓடிக்கொண்டிருந்த அலையைத் திரையில் அசையாமல் நிறுத்தியது இம்முறைதான். இன்றைய மலிவு விலைக் கருவிகளிலும் ட்ரிகரின் தரமே பயன்பாட்டைப் பெரிதும் தீர்மானிக்கிறது. ட்ரிகர் உறுதியாக நிற்காவிட்டால் மற்றச் சிறப்புகள் எல்லாம் வீண்.

பழைய 20 மெகாஹெர்ட்ஸ் எதிர்மின்கதிர்க் குழாய்க் கருவிகள் இன்றும் பழைய பொருள் சந்தையில் கிடைக்கின்றன. மாதிரியெடுப்பு இல்லாததால் இவற்றில் போலி அலை தோன்றாது என்பது பெரிய நன்மை. ஆனால் ஒருமுறை மட்டும் வந்து மறையும் துடிப்பை இவற்றால் பிடித்து வைக்க முடியாது. எடை அதிகம், உள்ளிருக்கும் மின்தேக்கிகளும் காலப்போக்கில் பழுதாகும்.

பட்டையகலம்

விளம்பரத்தில் வரும் மெகாஹெர்ட்ஸ் எண் பட்டையகலத்தைக் குறிக்கிறது. 50 மெகாஹெர்ட்ஸ் கருவி 50 மெகாஹெர்ட்ஸ் வரை சரியாகக் காட்டும் என்பது இதன் பொருளன்று. அந்த அதிர்வெண்ணில் 1 வோல்ட் சைன் அலை ஏறக்குறைய 0.7 வோல்ட்டாகக் குறைந்து தெரியும் என்பதே பொருள். சதுர அலையில் அடிப்படை அதிர்வெண்ணுடன் அதன் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்களும் கலந்துள்ளன. ஆர்டுயினோ ஊனோ பலகையின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். அதன் ஐந்தாம் மடங்கு 80 மெகாஹெர்ட்ஸ். ஆகவே 20 மெகாஹெர்ட்ஸ் கருவியில் அந்தக் கடிகாரம் சதுரமாகத் தெரியாது, ஏறக்குறைய சைன் அலையாகவே தெரியும். பலகையில் கோளாறு இருப்பதாகத் தொடக்கநிலையாளர் எண்ணுவதற்கு இதுவே போதும்.

0.35ஐப் பட்டையகலத்தால் வகுத்தால், கருவி காட்டக்கூடிய மிகக் குறுகிய ஏறு நேரம் கிடைக்கும். 50 மெகாஹெர்ட்ஸுக்கு இது 7 நானோநொடி. 100 மெகாஹெர்ட்ஸுக்கு 3.5 நானோநொடி.

பொழுதுபோக்குப் பணிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளவு வேகம் தேவைப்படுவதில்லை. ஒலிப்பெருக்கிச் சுற்றுகளில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை பார்த்தால் போதும். நுண்கட்டுப்படுத்திகளுக்கு இடையிலான ஐ-டூ-சி தொடர்பு வழக்கமாக 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. இவற்றுக்கு 50 மெகாஹெர்ட்ஸ் தாராளம்.

இந்த எண்ணின் இயல்பைக் காட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. 2010இல் ஆத்திரேலியப் பொறியாளர் டேவ் ஜோன்ஸ் தமது ஈஈவி-பிளாக் காணொளியில், ரிகோல் நிறுவனத்தின் 50 மெகாஹெர்ட்ஸ் டி.எஸ்.1052ஈ கருவியை 100 மெகாஹெர்ட்ஸ் டி.எஸ்.1102ஈ கருவியாக மாற்றிக் காட்டினார். இரண்டு விலைகளில் விற்கப்பட்ட கருவிகளின் உட்பாகங்கள் ஏறக்குறைய ஒன்றே என்பது இதனால் பலருக்கும் தெரியவந்தது. பட்டையகல எண் சில வேளைகளில் வணிக முடிவாகவும் இருக்கலாம் என்பதே இதன் பாடம்.

மாதிரியெடுப்பு வீதம்

கருவி ஒரு நொடியில் எத்தனை முறை அளக்கிறது என்பது மாதிரியெடுப்பு வீதம். இது பட்டையகலத்தைப் போல் குறைந்தது 4 அல்லது 5 மடங்காவது இருப்பது நல்லது. போதாதபோது போலி அலை தோன்றும். நொடிக்கு 1000 மாதிரிகள் எடுக்கும் நிலையில் 990 ஹெர்ட்ஸ் அலையைக் கொடுத்தால், திரையில் 10 ஹெர்ட்ஸ் அலை அழகாகத் தெரியும். அது பொய் என்பதற்கு எந்த அடையாளமும் திரையில் இருக்காது.

பெட்டியில் அச்சிடப்படும் வீதம் பெரும்பாலும் ஒரே ஒரு தடம் இயங்கும்போது கிடைப்பது. 2014இல் வந்து பெரும் வரவேற்புப் பெற்ற ரிகோல் டி.எஸ்.1054இசட் நான்கு தடங்கள் கொண்டது. ஒரு தடத்தில் நொடிக்கு 100 கோடி மாதிரிகள் எடுக்கும். இரண்டு தடங்களில் இது 50 கோடியாகவும், மூன்று அல்லது நான்கு தடங்களில் 25 கோடியாகவும் குறையும். 50 மெகாஹெர்ட்ஸுக்கு 25 கோடி என்பது 5 மடங்கு, போதுமானது. ஆனால் இக்கருவியையும் 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அப்போது நான்கு தடங்களிலும் 2.5 மடங்கே மிஞ்சும். 'இலவசமாகக் கிடைத்த' பட்டையகலத்தைப் பாராட்டுவோர் இந்தக் கணக்கைப் பொதுவாகச் சொல்வதில்லை.

சிக்லென்ட் எஸ்.டி.எஸ்.1104எக்ஸ்-ஈ கருவியில் இரண்டு தடங்களுக்கு ஒன்று என 100 கோடி மாதிரி வீதத்தில் இரண்டு மாற்றிகள் உள்ளன. நான்கு தடங்களும் இயங்கும்போதுகூட ஒவ்வொன்றுக்கும் 50 கோடி கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் கருவிக்கு இது நேர்மையான அமைப்பு.

நினைவகமும் பிரிதிறனும்

விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருந்தாலும் நடைமுறையில் மிகவும் உதவுவது நினைவக அளவு. ஒரு நொடி நீளமுள்ள பதிவை 1024 புள்ளிகளில் சேமித்தால், இரு புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 1 மில்லிநொடி இடைவெளி இருக்கும். 9600 பாட் தொடர்பில் ஒரு பிட் சுமார் 104 மைக்ரோநொடி நீடிக்கும். அப்படியானால் இரு புள்ளிகளுக்கு நடுவே ஒன்பது பிட்டுகளுக்கு மேல் ஓடிவிடும். செய்தி முழுவதும் தொலைந்துபோகும். 1.2 கோடி புள்ளிகள் கொண்ட கருவியில் அதே இடைவெளி சுமார் 83 நானோநொடி மட்டுமே. பதிவைப் பிறகு பெரிதாக்கி ஒவ்வொரு பிட்டாகப் படிக்கலாம்.

பிரிதிறன் என்பது மின்னழுத்தத்தை எத்தனை படிகளாகப் பிரிக்கிறது என்பது. 8 பிட் கருவியில் 256 படிகள். 12 பிட் கருவியில் 4096 படிகள். திரை முழுவதும் 8 வோல்ட் என்றால் 8 பிட்டில் ஒரு படி சுமார் 31 மில்லிவோல்ட். 12 பிட்டில் சுமார் 2 மில்லிவோல்ட். எனினும் கருவியின் உள்ளிரைச்சல் அதிகமாக இருந்தால் கூடுதல் படிகள் இரைச்சலையே நுணுக்கமாகக் காட்டும்.

கருவி வகைகள்

டி.எஸ்.ஓ.138 என்பது வாங்குபவரே பாகங்களைப் பொருத்திக்கொள்ளும் சிறு தொகுப்பு. ஒரே தடம், 200 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 10 லட்சம் மாதிரிகள், 1024 புள்ளிகள். அளவில் மிகச் சிறியதானாலும் இதன் எல்லைகள் வெளிப்படையானவை. பெரிய கருவி என்று இது பாசாங்கு செய்வதில்லை. சால்டரிங் பழகவும், தாழ் அதிர்வெண் அலைகளைப் பார்க்கவும் ஏற்றது. மாவட்டப் பந்தயத்துக்கு வாங்கும் மிதிவண்டி அன்று இது. ஓட்டிப் பழக வாங்கும் மிதிவண்டி.

ஹேன்டெக் 6022பிஈ கணினியுடன் யுஎஸ்பி வழியே இணைவது; இரண்டு தடங்கள் கொண்டது. அறிவிக்கப்பட்ட பட்டையகலம் 20 மெகாஹெர்ட்ஸ். மாதிரியெடுப்பு வீதம் நொடிக்கு 4.8 கோடி. விகிதம் 2.4 மடங்கே என்பதால், 10 மெகாஹெர்ட்ஸ் வரைக்கான கருவியாக இதைக் கொள்வதே பொருத்தம். நேர்மின்னழுத்தத்தை விலக்கி மாறுமின் பகுதியை மட்டும் காட்டும் ஏசி இணைப்பு இதில் இல்லை. ஆகவே 12 வோல்ட் மின்வழங்கியின் மேல் படிந்திருக்கும் சில மில்லிவோல்ட் சிற்றலையைப் பார்ப்பது கடினம். ஓபன்ஹேன்டெக் என்னும் கட்டற்ற மென்பொருள் இதன் பயனைக் கூட்டியுள்ளது.

எக்ஸ்ப்ஐஸ்-17 புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையத்தின் பீனிக்ஸ் திட்டத்தில் உருவானது. இதன் வன்பொருளும் மென்பொருளும் திறந்த மூலம். நொடிக்கு 10 லட்சம் மாதிரிகள் என்பதால் அலைவுகாட்டியாக மட்டும் பார்த்தால் இது எளியதே. ஆனால் முதன்மை உள்ளீடுகளின் 12 பிட் பிரிதிறன், சைன் அலை உருவாக்கி, மாற்றத்தக்க மின்னழுத்த மூலங்கள், மின்தடை, மின்தேக்குத்திறன் அளவீடு ஆகியவை ஒரே பெட்டியில் உள்ளன. மின்தேக்கி மின்னேற்றம், ஒத்ததிர்வு போன்ற பள்ளி, கல்லூரிச் சோதனைகளுக்கு, பல மடங்கு வேகமான வெறும் அலைவுகாட்டியைவிட இது பயன் மிக்கது. மெகாஹெர்ட்ஸை விலையால் வகுக்கும் கணக்கில் இக்கருவி கடைசி இடத்துக்குப் போய்விடும் என்பதே அந்தக் கணக்கின் குறைக்குச் சான்று.

மேசைக் கருவிகளில், மேலே கூறிய இரு நான்கு தடக் கருவிகளோடு 2023இல் வந்த ரிகோல் டி.எச்.ஓ.804 குறிப்பிடத்தக்கது. 70 மெகாஹெர்ட்ஸ், நான்கு தடங்கள், 12 பிட், 2.5 கோடி புள்ளிகள் நினைவகம் ஆகியவை தொடக்கநிலை விலைக்கு வந்தது இக்கருவியின் சிறப்பு. நுண்கட்டுப்படுத்திகளுடன் தொடர்ந்து வேலை செய்ய விரும்புவோர் பணம் சேர்த்து இந்த வகைக்கு வருவதே, இடையில் இரண்டு மூன்று மலிவுக் கருவிகளை வாங்கி ஒதுக்குவதைவிடச் சிக்கனம்.

புரோப்பும் பாதுகாப்பும்

அளவீட்டின் முதல் கண்ணி புரோப். 1எக்ஸ் நிலையில் சாதாரண புரோப்பின் பட்டையகலம் சில மெகாஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அதை மீட்க முடியாது. 10எக்ஸ் நிலையில் உள்ளீட்டு மின்தடை 10 மெகா ஓம் ஆக உயர்வதால், சோதிக்கும் சுற்றின் மீது விழும் சுமையும் குறையும். கருவியின் முகப்பில் கிடைக்கும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் புரோப்பை மாட்டி, அலையின் மேல்பகுதி தட்டையாகும் வரை சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்தல் வேண்டும். இதைச் செய்யாமல் எடுக்கும் அளவுகள் நம்பத்தக்கவை அல்ல.

பாதுகாப்பு பற்றி விளம்பரங்கள் பேசுவதே இல்லை. மேசைக் கருவியில் புரோப்பின் முதலைக் கவ்வி, மூன்று முள் பிளக் வழியாகக் கட்டடத்தின் எர்த்துடன் இணைந்துள்ளது. வீட்டு மின்சாரத்துடன் நேரடியாக இணைந்த சுற்றில் இந்தக் கவ்வியை மாட்டினால் குறுக்குச்சுற்று ஏற்படும். கருவியும் சுற்றும் எரியலாம், உயிருக்கும் ஆபத்து. எர்த் முள்ளை வெட்டிவிடுவது சிலர் சொல்லும் தீர்வு. அது கருவியின் உலோகப் பகுதிகளிலேயே மின்சாரம் பாய வழிசெய்யும் என்பதால் ஒருபோதும் செய்யக்கூடாதது. சோதிக்கப்படும் சுற்றுக்குத் தனிமைப்படுத்தும் மின்மாற்றி அல்லது வேறுபாட்டு புரோப் பயன்படுத்துவதே முறை. யுஎஸ்பி கருவியில் கவ்வி கணினியின் உடலோடு இணைந்திருப்பதால், தவறு நேர்ந்தால் கணினியும் சேதமாகும். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தின் உச்ச அளவு சுமார் 325 வோல்ட். டி.எஸ்.ஓ.138 நேரடியாகத் தாங்கக்கூடியதோ 50 வோல்ட். தொடக்கநிலையாளர்கள் மின்கலத்திலோ தனித்த அடாப்டரிலோ இயங்கும் சுற்றுகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மதிப்பீடு

கடந்த பதினைந்து ஆண்டுகளில் தொடக்கநிலை அலைவுகாட்டிகளின் தரம் வெகுவாக உயர்ந்துள்ளது என்பதில் ஐயமில்லை. முன்பு ஆய்வகங்களில் மட்டும் இருந்த வசதிகள் இன்று வீட்டு மேசைக்கு வந்துவிட்டன. குறை கருவிகளில் இருப்பதைவிட, அவற்றை அறிமுகப்படுத்தும் முறையில் அதிகம் உள்ளது. ஒரு தடத்துக்குரிய வீதத்தை எல்லாத் தடங்களுக்கும் உரியதுபோல் அச்சிடுவது, நினைவக அளவை மறைப்பது, 1எக்ஸ் புரோப்பின் எல்லையைச் சொல்லாமல் விடுவது ஆகியவை வாங்குவோரின் பணத்தோடு ஆர்வத்தையும் விழுங்கும். தவறான படத்தை நம்பி, சரியாக இருந்த சுற்றைப் பிரித்துப் போட்ட மாணவர் மீண்டும் அந்தப் பக்கம் வராமலே போகலாம்.

வாங்குவோர் விற்பனையாளரிடம் நான்கு கேள்விகள் கேட்டால் போதும்: எல்லாத் தடங்களும் இயங்கும்போது மாதிரியெடுப்பு வீதம் எவ்வளவு, நினைவகத்தில் எத்தனை புள்ளிகள், ஏசி இணைப்பு உண்டா, உடன்வரும் புரோப் 10எக்ஸ் நிலை கொண்டதா. இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்கும் கருவி, பெட்டியில் சிறிய எண் கொண்டதாயினும், விடை கிடைக்காத பெரிய எண் கருவியைவிட மேலானது.