கொள்ளாம்: சொல்லும் சொல்கிறவரும்

கோட்டாறு கம்போளத்தில் நல்லமிளகு வாங்க வந்தவர் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு, 'கொள்ளாம்' என்பார். அதற்குமேல் வாயிலிருந்து எதுவும் வராது. 'ரொம்ப நல்லாயிருக்கே' என்று சொல்லிவிட்டால் பொறவு விலை பேச முடியாதுல்லா. நம் விமர்சகர்களுக்கு இந்தச் சிக்கனம் வாய்க்கவில்லை. ஒன்று 'மகத்தான படைப்பு', இல்லையென்றால் 'குப்பை'.

நாஞ்சில் நாட்டில் எரிசேரி, சினிமா, புதுச்செருப்பு, மழை எல்லாமே கொள்ளாம்தான். வெளியூர்க் காதுக்கு 'கொள்ளா' என்ற தொடக்கம் மறுப்புப்போலக் கேட்கும். பள்ளிக்கூடத்தில் நான் கட்டுரையில் எழுதிய இந்தச் சொல்லைத் தமிழாசிரியர் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் 'மலையாளம்' என்று எழுதினார். 1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த மண் இது. மண் சேர்ந்தது, வாய் சேர்ந்ததா என்ற சந்தேகம் அவருக்கு. மலையாளத்திலும் இச்சொல் உண்டு, மெய்தான். ஆனால் 'கொள்' தமிழ், 'ஆம்' தமிழ். கொள்ளத்தகும் என்பதே பொருள். தூய்மைவாதத்திற்கு இவ்வளவு பதில் போதும்.

எனக்கு உறுத்துவது வேறு. வட்டாரப் பெருமிதம் பேசுகிற நாமும் அதைக் கவனிப்பதில்லை. கொள்முதல், கொள்வினை இரண்டும் இதே 'கொள்'ளிலிருந்து வந்தவை. அதாவது இந்தப் பாராட்டு, வாங்குகிறவரின் இடத்தில் நின்று பேசப்படுவது. பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், 'பொண்ணு எப்பிடி வேய்?' 'கொள்ளாம்.' மிளகைத் தேய்த்துப் பார்த்த அதே உள்ளங்கைதான் இங்கும். மாப்பிள்ளை கொள்ளாமா என்று அந்தப் பெண்ணிடம் வெகுகாலம் யாரும் கேட்டதில்லை. நடவு முடித்துக் கரையேறும் பெண்களின் வேலையைப் பார்த்து வரப்பில் குடையோடு நிற்பவர் 'கொள்ளாம்' என்பார். அதனால் கூலி ஏறியதில்லை. ஒருவனைக் 'கொள்ளாதவன்' என்று தள்ளும்போதும் அவன் குணம் மட்டுமல்ல, அவனால் நமக்கு என்ன உபயோகம் என்ற கணக்கும் உள்ளே இருக்கிறது. மதிப்பிடும் அதிகாரம் யார் கையில் என்பதை விட்டுவிட்டு வெறும் சொல்லை மட்டும் சேகரித்து வைத்தால் மிஞ்சுவது அருங்காட்சியகம்.

ஆனாலும் முழுதாக அப்படியும் சொல்லிவிட முடியவில்லை. கரையேறிய அதே பெண்கள் வெற்றிலை மென்றுகொண்டு, கூலியைக் குறைத்தவரைப் பற்றி 'ஆளு கொள்ளாமே' என்று இழுப்பார்கள். அந்த இழுப்பில் பொருள் தலைகீழாகிவிடும். வரப்பில் நிற்பவருக்கும் அது கேட்கும். பாராட்டு என்றுதான் அவர் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.