இடியை ஏவ முடியுமா?

‘துப்பறிவாளன்’ படத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரிடம் வாயைக் கொடுத்தாலும் பேச்சு கடைசியில் இடியில் வந்து நிற்கும். படத்தில் ஒரு குடும்பத்தில் அப்பாவும் மகனும் இடி தாக்கி இறந்துபோகிறார்கள். விபத்து என்று எல்லோரும் விட்டுவிட்ட அந்தச் சாவைக் கொலை என்கிறான் துப்பறிகிற கணியன் பூங்குன்றன். நகரத்தில் பார்த்தவர்களுக்கு அது கதையில் ஒரு திருப்பம், அவ்வளவுதான். எங்கள் கருவேப்பிலங்குறிச்சியில் அது வேறு. சுற்றிலும் வயல், கரும்பு, கொஞ்சம் தள்ளிப் போனால் முந்திரிக்காடு. ஐப்பசி மழையில் மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவனுக்கு இடி என்பது சினிமா சமாச்சாரம் இல்லை. டீக்கடையில் ஒரு டிராக்டர் ஓட்டுநர் என்னிடம் கேட்டார்: “ஆளு வச்சி வெட்டலாம், லாரிய வுட்டு ஏத்தலாம், ஒத்துக்கறேன். இடிய எப்பிடிண்ணே ஏவி வுடறது?”

இந்தப் படத்தைப் பற்றி நான் படித்த பல விமர்சனங்களைவிட இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் பட்டது. துப்பறியும் கதையின் உயிர்நாடியை அது தொடுகிறது.

2017 செப்டம்பரில் வந்த படம். மிஷ்கின் இயக்கம், விஷால் கணியன், பிரசன்னா அவன் நண்பன் மனோ. ஆர்தர் கானன் டாயிலின் ஷெர்லக் ஹோம்ஸ்தான் மூலம் என்பதை மிஷ்கின் ஒருபோதும் மறைக்கவில்லை. ஆனால் டாயில் எழுதிய நான்கு நாவல், ஐம்பத்தாறு சிறுகதைகளில் எந்த ஒன்றையும் அவர் அப்படியே எடுத்துப் படமாக்கவில்லை. ஆளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவனுக்குப் புறநானூற்றுப் புலவரின் பெயரை வைத்து, சென்னையில் குடியேற்றினார். விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஸ்லிப் என்று சொல்லும் மண்கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரமாக ஒரு ஓடு பிடிக்கும். பதம் பார்த்து, நடுவில் மிஞ்சிய கூழை வடித்துவிடுவார்கள். வெளிவடிவம் அச்சு கொடுத்தது, உள்ளே வெற்றிடம். மிஷ்கினும் ஹோம்ஸின் ஓட்டை வைத்துக்கொண்டு நடுவை வடித்துவிட்டார்.

அந்த நடுவில் அவர் எதை வைத்தார் என்பதில்தான் பார்வையாளர்கள் இரண்டு பட்டார்கள்.

ஹோம்ஸைப் படித்தவர்கள் ஒரு விளையாட்டில் இறங்கினார்கள். மனோதான் ஹோம்ஸின் நண்பன் வாட்சன். வினய் நடித்த டெவில், ஹோம்ஸின் எதிரி மோரியார்ட்டி. ஆண்ட்ரியாவின் ஆர்த்தி ஐரீன் அட்லர். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு ஒட்டுவதில் பாதிப் படம் அவர்களுக்கு ஓடிவிட்டது. எனக்கு இந்தப் பொருத்தம் பார்ப்பதில் உடன்பாடில்லை. ஐரீன் அட்லர் வருவது 1891-இல் வந்த ஒரு சிறுகதையில். ஹோம்ஸைப் புத்தியால் ஜெயித்துவிட்டுப் போகிறவள், கொலைகாரி இல்லை. ஆர்த்தி கொலைக் கும்பலில் ஒருத்தி. டெவிலுக்கு மட்டும் மோரியார்ட்டி பொருத்தம் சரியாக விழுகிறது. கொலையை விபத்துபோலச் செய்து கொடுக்கிற தொழில் அவனுடையது. தடயம் என்ற ஒன்றே இல்லாத குற்றம். துப்பறிகிறவனுக்கு அதைவிடப் பெரிய சவால் கிடையாது.

ஹோம்ஸைத் தேட வேண்டிய இடம் வேறு என்பேன். ‘துப்பறிவாளன்’ வருவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னால், 2011-இல், இதே மிஷ்கின் ‘யுத்தம் செய்’ எடுத்தார். அதில் வெட்டப்பட்ட கைகள் அட்டைப் பெட்டிகளில் பொது இடங்களில் கிடக்கும். டாயிலின் ஒரு கதையில் ஒரு பெண்ணுக்கு அட்டைப் பெட்டி ஒன்று தபாலில் வரும். உள்ளே உப்பில் வைத்த இரண்டு காதுகள். மிஷ்கினுக்குள் டாயில் எவ்வளவு காலமாக ஊறிக் கிடக்கிறார் என்பதற்கு அந்தப் பெட்டிகள் போதும். கணியனின் பெயர், தொப்பி, கழுத்துத் துண்டு எல்லாம் பிறகு வந்தவை.

தொப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. சென்னை வெயிலில் இந்தக் கோலம் எதற்கு என்று பலரும் குறைப்பட்டார்கள். ஹோம்ஸின் தலையில் நாம் பார்த்துப் பழகிய வேட்டைத் தொப்பிக்கு டாயில் அந்தப் பெயரை எங்கும் எழுதவில்லை. அதை வரைந்து நிலைக்க வைத்தவர் சிட்னி பேஜட் என்ற ஓவியர். வளைந்த பைப்பைப் பிரபலமாக்கியவர் நாடக நடிகர் வில்லியம் ஜில்லெட். ஆக, ஹோம்ஸின் தோற்றமே வரைந்தவர்களும் நடித்தவர்களும் சேர்த்துச் சேர்த்து உண்டாக்கியது. விஷாலின் தொப்பியையும் அந்த வரிசையில் வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

ஹோம்ஸைப் படிக்காதவர்கள் என்ன பார்த்தார்கள்? நான் பேசியவரையில் அவர்களை முதலில் பிடித்தது நாய். ஒரு சின்னப் பையன் வருகிறான். தன் நாயைச் சுட்டுக் கொன்றவன் யார் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்கிறான். பெரிய பணத்துக்கு மசியாத கணியன் இந்த வழக்கை எடுத்துக்கொள்கிறான். நாய்க்கெல்லாம் ஒரு வழக்கா என்று எங்கள் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. சின்ன விஷயம் என்று ஒன்று கிடையாது என்பது ஹோம்ஸின் அடிப்படை வேதம். அற்பமாகத் தெரிகிற ஒன்றிலிருந்து பெரிய குற்றத்துக்குப் போவது அவன் பாணி. புத்தகத்தில் அது பெரும்பாலும் மூளையின் ஆட்டம். மிஷ்கின் அதில் இரக்கத்தைச் சேர்த்துவிட்டார். ஒரு குழந்தையின் துக்கத்தைப் பெரியவர்களின் துக்கத்துக்குச் சமமாக வைத்து விசாரிக்கிற ஒருவன். வடித்த இடத்தில் அவர் வைத்தது இதுதான். மூலத்தைப் படிக்காதவர்கள் இதை நேராகப் பார்த்துவிட்டார்கள். படித்தவர்களில் பலர் பொருத்தம் தேடும் அவசரத்தில் தாண்டிப் போனார்கள்.

மூலத்தைப் படித்தவர், படிக்காதவர் என்ற இந்தப் பிரச்சினை வங்காளத்தில் வேறு மாதிரி. 2015-இல் திபாகர் பானர்ஜி இந்தியில் துப்பறிகிற பியோம்கேஷ் பக்‌ஷியைப் படமாக்கியபோது, சரதிந்து பந்தோபாத்யாயின் அந்தக் கதைகளைச் சிறு வயதிலிருந்து படித்தவர்கள் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். நமக்கும் துப்பறியும் கதை எழுதிய ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி அய்யங்காரும் இருந்தார்கள். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்தபடி துப்பறிந்தார். தேவனின் சாம்பு இருந்தான். ஆனால் அவர்கள் யாரும் கணியனின் நேர் மூதாதையர் இல்லை. அதனால் தமிழ்ப் பார்வையாளர்கள் அவனைப் பழைய கணக்கு எதுவும் இல்லாமல் வரவேற்க முடிந்தது.

இனி படத்தில் வரும் சீன உணவகச் சண்டைக்கு வருகிறேன். படம் பிடிக்காதவர்கள்கூட அதை மட்டும் பாராட்டினார்கள். ஏன் என்று சொல்லத் தெரியாமலே பாராட்டினார்கள், அதனால் நான் சொல்லிப் பார்க்கிறேன். நம் படங்களில் சண்டையை வெட்டி வெட்டிக் காட்டுவது வழக்கம். ஓங்கிய கை ஒரு ஷாட், விழுகிற முகம் இன்னொரு ஷாட், நடுவில் ஒரு சத்தம். அடி பட்டதா என்பது படத்தொகுப்பாளருக்குத்தான் தெரியும். இங்கே கேமரா பின்னால் போய் நிற்கிறது. தலை முதல் கால் வரை உடல் முழுதும் தெரிகிறது. மேஜை எங்கே, சுவர் எங்கே, எதிராளி எத்தனை அடி தூரத்தில் நிற்கிறான் என்று நமக்குத் தெரிந்த பிறகுதான் கை ஓங்குகிறது. அதற்கு முன்னால் ஓர் அசையாமை இருக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் அளந்துகொள்ளும் நேரம் அது. அந்த நேரத்தில் பார்வையாளனும் அளக்கிறான். எவன் முதலில் பாய்வான், எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்று நம் கண் தேட ஆரம்பித்துவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் துப்பறிதல் என்பதே அதுதானே. ‘யுத்தம் செய்’ படத்தில் சேரனை ஒரு மேம்பாலத்தில் கும்பலுக்கு எதிரே நிறுத்தியபோதே மிஷ்கினுக்கு இது கைவந்துவிட்டது. இங்கே இன்னும் தெளிந்திருக்கிறது.

பாட்டு இல்லாததையும் சொல்ல வேண்டும். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் 1954-இல் ‘அந்த நாள்’ படத்தைப் பாடல் இல்லாமல் எடுத்துக் காட்டிய பிறகும், தமிழில் அந்தத் துணிச்சல் அரிதாகவே வந்திருக்கிறது. அரோல் கரோலியின் இசையில் தந்திக் கருவிகள்தான் மேலோங்கி நிற்கின்றன. ஹோம்ஸ் வயலின் வாசிப்பவன். கணியனின் பின்னணியில் அந்த வயலின் ஒலிப்பதாகவே எனக்குக் கேட்டது. மிஷ்கினின் ‘பிசாசு’ படத்தில் கதாநாயகனே வயலின் கலைஞன் என்பதை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதல் சந்தோஷம்.

குறைக்கு வருவோம். அனு இம்மானுவேல் நடித்த மல்லிகாவைக் கணியன் நடத்தும் விதம் எனக்கு உவப்பாக இல்லை. ஒரு பையனின் நாய்க்காக உருகுகிறவன், ஜேப்படி செய்து பிழைத்த ஒரு பெண்ணிடம் இவ்வளவு கடுமையாக இருப்பானா? பெண்கள் பலர் இதைச் சொன்னார்கள், சரியாகவே சொன்னார்கள். ஹோம்ஸ் பெண்களிடமிருந்து விலகி நிற்பவன்தான். ஆனால் தன்னைத் தேடி வந்த பெண்களை அவன் உட்கார வைத்து, பதற்றம் தணியும் வரை பொறுத்து, மரியாதையாகக் கேட்பான். அந்த ஓட்டை மிஷ்கின் ஏன் உடைத்தார் என்று விளங்கவில்லை.

இன்னொரு குறை, டிராக்டர்காரர் கேட்டது. இடியை ஏவ முடியுமா?

1892-இல் டாயில் ஒரு கதை எழுதினார். ராய்லட் என்ற மருத்துவர் ஒரு பாம்பைப் பழக்கி வைத்திருப்பான். அது மணிக்கயிற்றில் இறங்கும், கடிக்கும், விசில் சத்தம் கேட்டதும் மேலேறித் திரும்பிவிடும். அதற்குக் கிண்ணத்தில் பால். பாம்பு பால் குடித்துப் பழகாது, விசிலுக்கு நாயைப்போல ஓடி வராது என்று வயல்காட்டில் நடக்கிற எவரும் சொல்லிவிடுவார்கள். டாயிலும் மருத்துவம் படித்தவர். ஆனால் 1927-இல் தன் ஹோம்ஸ் கதைகளில் சிறந்தவற்றை அவரே வரிசைப்படுத்தியபோது அந்தப் பாம்புக் கதைக்குத்தான் முதலிடம் கொடுத்தார். வாசகர்களும் இன்றுவரை அதைக் கொண்டாடுகிறார்கள். காரணம் அந்த இரவு. ஹோம்ஸும் வாட்சனும் இருட்டறையில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். மாதா கோயில் மணி கால் மணிக்கு ஒரு தரம் அடிக்கும். பேசக்கூடாது, அசையக்கூடாது. வாட்சனின் காதால் நாம் ஒவ்வொரு சத்தமாகக் கேட்டுக்கொண்டிருப்போம். அப்படிக் காத்திருந்தவனுக்குப் பாம்பு வரும்போது அறிவியல் கேட்கத் தோன்றாது.

கணியன் காத்திருப்பதில்லை. மடமடவென்று சொல்லிவிடுகிறான். எதைப் பார்த்தான், அதிலிருந்து இதற்கு எப்படிப் போனான் என்று நாம் பிடிப்பதற்குள் அடுத்த முடிவுக்கு வந்துவிடுகிறான். மனோ பக்கத்திலேயே நிற்கிறான், பிரசன்னா அருமையான நடிகர், ஆனால் அவனுக்குத் திகைப்பதைத் தவிர வேலை கொடுக்கவில்லை. ஹோம்ஸ் கதைகளில் பெரும்பாலானவற்றைச் சொல்வதே வாட்சன்தான். அவன் புரியாமல் நிற்கிற இடத்தில் நாமும் நிற்கிறோம், அவனுக்கு விளங்கும்போது நமக்கும் விளங்குகிறது. சண்டைக் காட்சியில் அத்தனை பொறுமையாக நின்ற கேமரா, மூளை வேலை செய்யும் காட்சிகளில் மட்டும் நமக்காக நிற்கவில்லை. டிராக்டர்காரரின் சந்தேகம் இடியைப் பற்றியதே இல்லை என்று நான் நினைக்கிறேன். அவரை யாரும் அந்த இருட்டறையில் உட்கார வைக்கவில்லை.

முடிவுச் சண்டை பிச்சாவரத்தில். எங்கள் பக்கத்து வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அதற்குத் தெற்கே கொள்ளிடம் வரைக்கும் அந்தச் சுரபுன்னைக் காடு. தெரிந்த தண்ணீரைத் திரையில் பார்த்த பெருமை எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருந்தது, எனக்கும்தான். ஆனால் ரசிக்க வேறு ஒன்றும் இருக்கிறது. 1893-இல் டாயில் தன் நாயகனையும் மோரியார்ட்டியையும் மோத விட்டது சுவிட்சர்லாந்தில் ரைக்கன்பாக் அருவியின் விளிம்பில். செங்குத்தான பாறை, இரைச்சல், பாதாளம். அங்கே விழுவதுதான் முடிவு. ஹோம்ஸ் விழுந்தான் என்று படித்த லண்டன் வாசகர்கள் கொதித்துப்போய், ஆயிரக்கணக்கில் பத்திரிகைச் சந்தாவை நிறுத்தினார்கள் என்று சொல்வார்கள். பத்து வருடம் கழித்து டாயில் அவனை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. பிச்சாவரத்தில் விழ இடமில்லை. எல்லாம் சமதளம், முழங்கால் சேறு, வேர்களுக்கு நடுவே தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியாது. உயரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிக்கலை வைத்தார் மிஷ்கின். தென்னார்க்காட்டு மண்ணைப் பார்த்து அருவியை இப்படி மாற்றத் தோன்றியதே, அது தழுவல் கலையில் தேர்ந்த கை.

இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு லண்டனில் தொடங்கியது. பிறகு மிஷ்கின் விலக, விஷாலே இயக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். ஹோம்ஸின் சொந்த ஊரில் கணியன் எப்படி நடப்பான் என்று பார்க்க எனக்கு ஆவல் உண்டு. அங்கே அவன் தொப்பியைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. என் எதிர்பார்ப்பு மனோவைப் பற்றியது. அவனுக்கு ஒரு குரல் கொடுங்கள். கணியன் வாயைத் திறப்பதற்கு முன்னால் மனோ தப்பாக ஒரு முடிவுக்கு வரட்டும், நாங்களும் அவனோடு சேர்ந்து தப்பாக நினைக்கிறோம். ஒரே ஒரு காட்சியிலாவது விளக்கை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் எங்களை உட்கார வையுங்கள். அதற்குப் பிறகு இடியை மட்டுமில்லை, சூறாவளியை ஏவிவிட்டாலும் டிராக்டர்காரர் ஒத்துக்கொள்வார்.