கோபயாஷி ஆக எல்லோருக்கும் ஆசை

2023 அக்டோபரில், தன் 90ஆவது வயதில், டெட்சுகோ குரோயாநாகி 'டோட்டோ-சான்' நூலின் தொடர்ச்சியை ஜப்பானில் வெளியிட்டார். முதல் புத்தகம் வந்தது 1981இல். இடையில் 42 வருடங்கள். அந்தச் செய்தியைப் பார்த்ததும் பழைய புத்தகத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்புதான். நம் ஊரில் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்துக்கொள்ளும் புத்தகம் அது. கல்வி பற்றிப் பேசுகிற மேடைகளில் அந்த ரயில்பெட்டி வகுப்பறை ஒருமுறையாவது வந்து போய்விடும்.

இந்த முறை ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. பள்ளிக்கூடத்தைக் குற்றம் சொல்கிற ஒரு புத்தகம், பள்ளிக்கூடங்களுக்கு எப்படி இவ்வளவு பிடித்துப்போனது?

கதை பலருக்கும் தெரியும். ஒன்றாம் வகுப்பிலேயே டோட்டோ-சானைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். மேஜை மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள். ஜன்னலோரம் நின்று தெருவில் போகும் இசைக்காரர்களைக் கூப்பிடுகிறாள். கூரையில் கூடு கட்டும் பறவையிடம் என்ன செய்கிறாய் என்று கேட்கிறாள். அம்மா அவளை டோக்கியோவிலேயே இருக்கும் டோமோயி பள்ளிக்குக் கூட்டிப்போகிறார். தலைமையாசிரியர் சோசாகு கோபயாஷி, முதல் நாள் நான்கு மணி நேரம் அவள் பேசுவதை உட்கார்ந்து கேட்கிறார். ஓடாத ரயில்பெட்டிகள்தான் வகுப்பறைகள். பிடித்த பாடத்திலிருந்து அன்றைய நாளைத் தொடங்கலாம். 1945 குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோகிறது.

என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: இதைப் படிக்கிற யாரும் தன்னை அந்த முதல் பள்ளி ஆசிரியையாக நினைத்துப் பார்ப்பதில்லை. படித்து முடித்ததும் எல்லோரும் கோபயாஷி ஆகிவிடுகிறோம். அந்த டீச்சர் வேறு யாரோ, எங்கோ இருக்கும் ஒரு கடுமையான மனுஷி. ஆனால் யோசித்தால் நமக்கு ரொம்பத் தெரிந்தவர் அவர். வகுப்பு முழுவதையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்க வேண்டும். அன்றைய பாடத்தை முடித்தாக வேண்டும். ஒரு குழந்தை நாள் முழுக்க மேஜையைத் திறந்து மூடினால் எரிச்சல் வரும். டோமோயியில் மொத்தப் பள்ளிக்கும் சேர்த்தே சுமார் ஐம்பது பிள்ளைகள்தான். அந்த டீச்சர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். நம் பள்ளிகளில் இருப்பவர்களும் பெரும்பாலும் அவர்தான்.

இந்தத் தப்பித்தலில் புத்தகத்துக்கும் பங்கு உண்டு. பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட விஷயத்தை அம்மா மகளிடம் சொல்வதே இல்லை. இருபது வயது தாண்டிய பிறகுதான் அவளுக்கே தெரிகிறது. அதனால் கதைக்குள் இருக்கும் குழந்தை வேண்டாம் என்று சொல்லப்பட்டதன் வலியை அனுபவிப்பதில்லை, வாசகரும் அனுபவிப்பதில்லை. சில பக்கங்களிலேயே முதல் பள்ளி மறைந்துவிடுகிறது. சொல்பவர், தன்னை ஏற்றுக்கொண்டவருக்கு நன்றி சொல்லும் வளர்ந்த பெண். அந்த நன்றியின் மென்மைதான் புத்தகத்தின் அழகு. அதுவே பள்ளிகளுக்கு நழுவிக்கொள்ள வழியும் விடுகிறது.

ஆனால் நழுவ முடியாத ஓர் அத்தியாயமும் உள்ளே இருக்கிறது. தக்காஹாஷி என்ற பையனுக்கு உடல் வளர்ச்சி நின்றுவிட்டது. அவன் ஜெயிக்க வேண்டும் என்றே கோபயாஷி விளையாட்டு விழாவின் போட்டிகளை அமைக்கிறார். இதை மேடையில் நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே பையனிடம் டோமோயி வகுப்பாசிரியை ஒருவர், மனிதருக்கு முன்பு வால் இருந்தது பற்றிப் பேசும்போது, விளையாட்டாக உனக்கு வால் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறார். சாயங்காலம் சமையலறையில் கோபயாஷி அவரைக் கண்டிக்கிறார். குரல் கோபத்தில் நடுங்குகிறது. ஆசிரியை அழுகிறார். மற்ற ஆசிரியர்கள் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் ஆசிரியர் அறையை விட்டுச் சமையலறைக்குப் போயிருக்கிறார் என்பது டோட்டோ-சானுக்கு அப்போது புரிவதில்லை. இதை மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு இந்தப் புத்தகத்தின் மையம் அந்தச் சமையலறைதான். நல்ல பள்ளியிலும், நல்ல ஆசிரியை, சிரித்துக்கொண்டே ஒரு குழந்தையைக் காயப்படுத்திவிட முடியும். விளையாட்டு விழா நம்மைப் பெருமைப்பட வைக்கிறது. சமையலறை, நேற்று வகுப்பில் என்ன பேசினோம் என்று யோசிக்க வைக்கிறது. ஜப்பானில் இந்நூலின் சில பகுதிகள் பாடநூலிலும் சேர்ந்தன. மூன்றாம் வகுப்பு மொழிப்பாடத்துக்குப் போனது, விவசாயி ஒருவர் ஆசிரியராக வந்து பயிர் வைக்கக் கற்றுத்தரும் அத்தியாயம். அருமையான அத்தியாயம், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அதைப் படித்து எந்தப் பெரியவருக்கும் தூக்கம் கெடாது.

தலைப்புக்கும் இதேதான் நடந்திருக்கிறது. புத்தகம் வந்த காலத்தில் ஜப்பானில் ஜன்னலோரம் என்பதற்கு ஒரு கசப்பான பொருள் இருந்தது. அலுவலகத்தில் வேலை கொடுக்காமல் ஓரங்கட்டப்பட்டு ஜன்னல் பக்கம் உட்காரவைக்கப்பட்டவர்களை அப்படிச் சொன்னார்கள். நம் 'கடைசி பெஞ்ச்' போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஓரங்கட்டலை நினைத்தே இந்தத் தலைப்பை வைத்ததாக குரோயாநாகி பின்னுரையில் எழுதியிருக்கிறார். தமிழில் 'ஜன்னலில் ஒரு சிறுமி' என்றதும் நமக்கு வேடிக்கை பார்க்கும் குழந்தைதான் தெரிகிறது. ஒதுக்கப்பட்ட குழந்தை தெரிவதில்லை.

இன்று தமிழில் சிறார் எழுத்தாளர்கள் புதுப் புத்தகத்தோடு பள்ளிகளுக்குப் போகிறார்கள், கதை சொல்கிறார்கள், பிள்ளைகளோடு பேசுகிறார்கள். நல்ல விஷயம். பள்ளி அவர்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும், "என்ன மெசேஜ் சார்?" மெசேஜ் பிள்ளைகளுக்கானது என்பது அந்தக் கேள்வியிலேயே முடிவாகிவிடுகிறது. கேட்பவருக்கும் அதில் ஏதாவது இருக்கலாம் என்ற சந்தேகமே அங்கே எழுவதில்லை. ஆனால் 'டோட்டோ-சான்' முதலில் இளம்பெண்களுக்கான இதழொன்றில் தொடராக வந்தது. பெரியவர்களிடம்தான் முதலில் பேசியது. பிறகு குழந்தைகளும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே இந்தப் புத்தகத்தை ஆசிரியர்களுக்குக் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. கூடவே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள் என்பேன். அவர்கள் படித்துவிட்டு, யார் கோபயாஷி, யார் அந்த முதல் டீச்சர் என்று அவர்களே சொல்லட்டும். நாம் நமக்குக் கொடுத்துக்கொண்ட பாத்திரத்தை அவர்களும் நமக்குக் கொடுப்பார்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.