வழுக்கும் சாலையில் சிமிட்டும் மஞ்சள் விளக்கு

ஸ்டீயரிங்குக்குப் பின்னால், வேகமானியின் அருகில் ஒரு சின்னப் படம் இருக்கும்: பின்னாலிருந்து பார்த்த கார், அதன் சக்கரங்களிலிருந்து நெளிந்து இறங்கும் இரண்டு கோடுகள். மழை நாளில் ஏற்றத்தில் திரும்பும்போது அது மஞ்சளாகச் சிமிட்டினால் பலருக்கு வயிற்றில் புளி கரைகிறது. ஏதோ பழுது என்று மெக்கானிக்கைத் தேடுகிறார்கள். சிமிட்டுவது பழுதல்ல. டிராக்ஷன் கன்ட்ரோல் அந்தக் கணத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. சிமிட்டாமல் நிலையாக எரிந்தால்தான், யாரோ அதை அணைத்திருக்கிறார்கள் அல்லது அது கெட்டிருக்கிறது என்று பொருள். சில நொடிகளே நீடிக்கும் அந்த உழைப்பு, காது கொடுத்துக் கேட்கவும் ரசிக்கவும் தகுதியானது. ஆனால் ரசிக்கத் தொடங்குமுன் பரவலாக இருக்கும் ஓர் எண்ணத்தைக் கைவிட வேண்டும். இந்தக் கருவி சாலையின் பிடிப்பைக் கூட்டுவதே இல்லை. இருக்கிற பிடிப்பைச் சக்கரம் வீணடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதன் அழகெல்லாம் அந்தச் சிக்கனத்தில்தான் இருக்கிறது.

மாட்டு வண்டியின் சக்கரம் சேற்றில் புதையும்; நின்ற இடத்திலேயே சுழலாது. ஏனென்றால் தரையைப் பற்றித் தள்ளுவது மாட்டின் குளம்பு, சக்கரம் வெறுமனே உருள்கிறது. காரில் அந்தக் குளம்பின் வேலையும் சக்கரத்தின் தலையில் விழுகிறது. இவ்வளவுக்கும் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். காய்ந்த தார்ச்சாலையில் அந்த உள்ளங்கை, தன்மேல் அமரும் எடையில் 80 சதவீதத்துக்குக் குறையாத விசையால் தரையைத் தள்ள வல்லது. நனைந்த சாலையில் இது கணிசமாக இறங்கும். உறைந்த பனிமேல் 10 சதவீதம் கிடைத்தாலே பெரிது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டயர் துளியும் நழுவாமல் உருளும்போது அதன் முழுப் பிடிப்பு வெளிப்படுவதில்லை. வண்டியின் வேகத்தைவிடச் சக்கரம் 10 முதல் 20 சதவீதம் கூடுதலாகச் சுழலும்போதுதான், அதாவது இலேசாக நழுவும்போதுதான், தள்ளும் திறன் உச்சத்தைத் தொடுகிறது. அந்த எல்லையைத் தாண்டிச் சக்கரம் வெறுமனே சுழலத் தொடங்கினால் முன்னால் தள்ளும் திறன் சரிகிறது, பக்கவாட்டில் வண்டியைத் தாங்கும் திறன் அதைவிட மோசமாகச் சரிகிறது. இரண்டும் ஒரே கையிருப்பிலிருந்து எடுக்கும் செலவுகள். முன்னால் ஓடவே எல்லாவற்றையும் செலவழித்தால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. பாசி படிந்த கிணற்றடியில் வேகமாகக் கால் வைப்பவர் விழுவதும், பாதத்தை அளந்து வைப்பவர் கடந்துவிடுவதும் இதே கணக்கில்தான்.

இதைக் கண்ணால் பார்க்கச் சிறந்த இடம், மழையில் நனைந்த மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் அப்படி 70 வளைவுகள் இருக்கின்றன. நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜினின் விசை முன்சக்கரங்களுக்கே போகிறது. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்கள் இலேசாகின்றன. கூர்மையாகத் திரும்பும்போது எடை வெளிப்பக்கமும் சாய்வதால், உள்பக்க முன்சக்கரம் இன்னும் இலேசாகிறது. அதன் அடியில் ஈர இலைகளோ அரித்து வந்த மண்ணோ கிடந்தால் போதும், கிர்ரென்று சுழலத் தொடங்கிவிடும். மறுபக்கச் சக்கரத்துக்கு நல்ல தரை இருக்கிறதே, அது இழுக்கக் கூடாதா? இழுக்காது. இரு சக்கரங்களும் வளைவில் வெவ்வேறு வேகத்தில் உருள வழி செய்யும் டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கரத் தொகுதி, இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். வழுக்கும் சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவே நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். வலுவில்லாதவன் வைத்ததே அங்கே சட்டம்.

டிராக்ஷன் கன்ட்ரோல் இந்த முடிச்சை அவிழ்க்கும் விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கும் சென்சார் அது சுழலும் வேகத்தைச் சொல்கிறது. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாகச் சுழன்றால், கணினி இரண்டு காரியங்கள் செய்கிறது. இன்ஜினின் விசையைக் குறைப்பது ஒன்று. இன்னொன்று, வெட்டியாகச் சுழலும் அந்த ஒரே சக்கரத்துக்குப் பிரேக் போடுவது. முன்னால் போக வேண்டிய வண்டிக்குப் பிரேக்கா என்று கேட்கத் தோன்றும். ஆனால் பிரேக் பிடித்ததும் அந்தச் சக்கரத்தைச் சுழற்றக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. டிஃபரென்ஷியல் தன் குணப்படி அதே அளவு கூடுதல் விசையை மறுபக்கத்துக்கும் அனுப்புகிறது. நல்ல தரையில் இருக்கும் சக்கரம் அதை வாங்கிக்கொண்டு வண்டியை மேலே இழுக்கிறது. டிஃபரென்ஷியலின் குறையை அதே டிஃபரென்ஷியலைக் கொண்டே தீர்க்கும் இந்த யோசனை, பொறியியலில் கண்ட நேர்த்தியான யோசனைகளுள் ஒன்று என்பேன். அடுத்த முறை விளக்கு சிமிட்டும்போது பார்வை சாலையிலேயே இருக்கட்டும், காதால் கவனியுங்கள். ஆக்சிலரேட்டரில் கால் இருந்தும் இன்ஜினின் குரல் தணிவது விசை குறைந்ததற்கான அறிகுறி. வண்டியின் அடியிலிருந்து ஒரு மெல்லிய கடகடப்பு எழுந்தால், பிரேக் நொடிக்குப் பலமுறை பிடித்து விடுகிறது.

இந்த யோசனை ஒரே நாளில் வந்ததல்ல. 1971இல் அமெரிக்காவின் பியூக் நிறுவனம் மேக்ஸ்டிராக் என்ற பெயரில், பின்சக்கரங்கள் சுழல்வதை உணர்ந்து இன்ஜின் விசையை அடக்கும் கருவியை விற்றது. ஆனால் இன்று நாம் காணும் வடிவம் பிரேக்கின் பக்கத்திலிருந்து வந்தது. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஜெர்மனியின் பாஷ் தயாரிப்பாக 1978இல் மெர்சிடிஸ் கார்களில் வந்தது. சக்கரம் நின்றுபோவதைக் கண்டுபிடிக்கும் சென்சார், மிதமிஞ்சிச் சுழல்வதையும் கண்டுபிடிக்கும் அல்லவா? அந்தக் கேள்வியின் விடையாக 1986இல் பாஷின் டிராக்ஷன் கன்ட்ரோல் சந்தைக்கு வந்தது. 1995இல் வந்த இஎஸ்பி, வண்டி பக்கவாட்டில் திசை தவறுவதையும் சேர்த்துக் கவனிக்கத் தொடங்கியது.

டிராக்ஷன் கன்ட்ரோல் ஓட்டுநரின் கலையைக் கெடுக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1994இல் தடை செய்து, 2001இல் அனுமதித்து, 2008இல் மறுபடியும் தடை செய்ததைச் சான்றாகக் காட்டுவார்கள். அந்தத் தடை நியாயமானது என்றே நினைக்கிறேன். வலது காலின் நுட்பத்தைப் பார்க்கத்தான் பந்தயத்துக்குக் கூட்டம் வருகிறது. அந்த நுட்பத்தைக் கணினியிடம் கொடுத்துவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலையேறும் வண்டியை யாரும் அப்படிப் பார்க்க வருவதில்லை. மேலும், எவ்வளவு தேர்ந்த ஓட்டுநருக்கும் இருப்பது ஒரே பிரேக் பெடல். நான்கில் ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்க அவரால் முடியாது. அவருடைய கலையை இந்தக் கருவி பறிக்கவில்லை. அவர் கை எட்டாத இடத்தில் வேலை செய்கிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. பாதுகாப்பு கூடியதும் மனிதர் துணிச்சலையும் கூட்டிக்கொள்கிறார் என்பது அது. மியூனிக் நகர டாக்சிகளை வைத்து 1980களில் நடந்த ஆய்வில், ஏபிஎஸ் பொருத்திய டாக்சிகளின் விபத்துகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை; ஓட்டுநர்கள் முன்பைவிடத் துணிந்து ஓட்டினார்கள். டிராக்ஷன் கன்ட்ரோலுக்கும் அந்த ஆபத்து உண்டு என்பதை மறுக்க முடியாது. அதனால்தான் அது எதைச் செய்யாது என்பதை அறிந்து ரசிக்க வேண்டும் என்கிறேன். வண்டியை முன்னால் தள்ளும் விசையை மட்டுமே அது காவல் காக்கிறது. இறக்கத்தில் மிகுவேகமாக வளைவுக்குள் நுழைந்தவரை அது காப்பாற்றாது. பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தை ஓர் அடிகூடக் குறைக்காது. பள்ளம் தேய்ந்து வழவழத்த டயருக்கு இல்லாத பிடிப்பை எங்கிருந்தும் கொண்டுவராது. அடிக்கடி விளக்கு சிமிட்டுகிறது என்றால், சாலை தரக்கூடியதைவிட அதிகமாக உங்கள் கால் கேட்கிறது. அதே மழையில் அதே வளைவில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்திப் பார்த்தால் விளக்கு எரியாமலே வண்டி ஏறிவிடுவதும் உண்டு.

இந்தக் கருவியை அணைத்துவைப்பதே சரி என்ற இடமும் இருக்கிறது. கடற்கரை மணலிலோ ஆழமான சேற்றிலோ சக்கரம் கொஞ்சம் சுழன்று தோண்டினால்தான் வண்டி வேகம் இழக்காமல் நகரும். அங்கே இந்தக் கருவி விசையைக் குறைக்கக் குறைக்க வண்டி அமிழும். அதை அணைக்கும் பொத்தான் அதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. மணலைக் கடந்து தார்ச்சாலைக்கு ஏறியதும் மறக்காமல் அதை மறுபடி அழுத்த வேண்டும். மறந்தாலும், பெரும்பாலான கார்களில் இன்ஜினை நிறுத்தி அடுத்த முறை கிளப்பும்போது அது தானாகவே காவலுக்குத் திரும்பிவிடும்.